முடியில் பின்னிய பழைய பிரேஸ்லெட், இது துக்க நகைதானா?

லண்டன்வாசி:
இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் பிரேஸ்லெட் ஒன்று வாங்கினேன். பழுப்பு நிறம், கயிறு மாதிரி உருண்டையான பின்னல், தங்கக் கொக்கி. விக்டோரியா காலத்தில் செத்தவர் முடியில் செய்தது என்கிறார் விற்றவர். பெயரோ தேதியோ எதுவும் இல்லை. வீடியோ காலில் காட்டியதும் "அதை முதல்ல வெளியே வை" என்று அம்மா ஒரே பிடிவாதம். நிஜமாகவே இறந்தவர் நினைவாகப் போட்டுக்கொள்ளும் துக்க நகைதானா? தண்ணீரில் கழுவலாமா?

பழசுப்பித்து:
கறுப்பு எனாமல், நினைவு வாசகம், இறந்த தேதி, இதில் ஒன்றுகூட இல்லையென்றால் துக்க நகை என்று அடித்துச் சொல்ல முடியாது. காதலர்கள், தோழிகள், அக்கா தங்கைகள் எல்லாம் உயிரோடு இருக்கும்போதே முடியைக் கொடுத்து நகை செய்து போட்டுக்கொண்ட காலம் அது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா ராணி 1901இல் தான் சாகும்வரை கறுப்பே உடுத்தினார், அதனால் எல்லா முடி நகையையும் சாவோடு முடிச்சுப் போடுகிறார்கள். 'துக்க நகை' என்றால் விலையும் கொஞ்சம் ஏறும், அதையும் பாருங்கள். அம்மாவிடம் யாரோ காதலி கொடுத்தது என்று சொல்லிவிடுங்கள் (அந்தக் காதலியும் இப்போது போய்ச் சேர்ந்திருப்பார், அது வேறு விஷயம்).

பின்னல்காரி:
நீங்கள் சொல்வது மேஜைப் பின்னல். முடியைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, இழைகளை எண்ணிப் பிரித்து, ஒவ்வொரு கற்றையின் நுனியிலும் ஈயக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, நடுவில் துளையுள்ள வட்ட மேஜையில் ஓர் அச்சைச் சுற்றிப் பின்னுவார்கள். அப்புறம் அச்சோடு கொதிக்கவைத்து உலர்த்தினால் வடிவம் நின்றுவிடும், அச்சை உருவிவிடலாம். கொக்கி மட்டும் தட்டான் வேலை. ஸ்வீடனில் வோம்ஹூஸ் ஊர்ப் பெண்கள் இந்தக் கைவேலையோடு ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்தார்கள். கடையில் கொடுத்தால் வேறு யார் முடியையோ வைத்துப் பின்னித் தந்துவிடுவார்கள் என்ற பயம் அன்றைக்கே பலருக்கு இருந்தது, வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1867இல் அமெரிக்காவில் மார்க் கேம்பெல் இதற்கென்றே ஒரு கையேடு போட்டார்.

பெட்டிக்குள்:
கழுவாதீர்கள். முடி லேசில் மக்காது, ஆனால் பூச்சி அரிக்கும், வெயிலில் நிறம் போகும், பழைய இழை வளைத்தால் முறியும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரமில்லாத இருட்டுப் பெட்டியில் வையுங்கள். பின்னல் எங்காவது விட்டிருந்தால் நீங்களே சூப்பர் குளூ வைத்து ஒட்டப் போகாதீர்கள், அதைத் திரும்ப எடுக்கவே முடியாது.