வெர்மாண்ட் கவுண்டிகள்: ஊர்ப் பேரை வச்சுப் பிரிக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை: அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில முகவரிகளைக் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியாப் பிரிக்கணும். மொத்தம் எத்தனை? ஊர்ப் பேரை வச்சே பிரிச்சா சரியா வருமா? பத்திர நகலுக்கும் கவுண்டிக்குத்தான் எழுதணுமா?

வாளையார்: கவுண்டி 14. 1791-ல் 14ஆவது மாநிலமாச் சேர்ந்தது, அப்படி நினைவு வச்சுக்கலாம். 2020 கணக்கெடுப்பில் 6,43,077 பேர். கால்வாசிக்கு மேல் சிட்டென்டன் கவுண்டியில். பெரிய நகரம் பர்லிங்டனும் அங்கேதான். தலைநகர் மான்ட்பீலியர், வாஷிங்டன் கவுண்டி.

ஊர்ப் பேரை மட்டும் நம்பாதீங்க அண்ணா. எசெக்ஸ் ஊர் சிட்டென்டன் கவுண்டியில் இருக்கு. சிட்டென்டன் ஊரோ ரட்லண்ட் கவுண்டியில். வாஷிங்டன் ஊர் ஆரஞ்சு கவுண்டியில். நம்ம பாலக்காட்டுச் சித்தூரையும் ஆந்திராச் சித்தூரையும் ஒரே கட்டுல போட்ட மாதிரி ஆயிடும்.

குப்பம்: அஞ்சல் குறியீடு 05-ல் தொடங்கும். எக்செல்லில் ஒட்டினதும் முன்னாடி இருக்கிற பூச்சியம் காணாமப் போய், 05401 வெறும் 5401 ஆயிடும். ஒட்டுறதுக்கு முன்னாடியே அந்த நெடுவரிசையை டெக்ஸ்டா மாத்திடுங்க. அரசாங்கக் கவுண்டி எண்கள் அடிசன் 001-ல இருந்து வின்ட்சர் 027 வரை, ஒற்றைப்படை மட்டும். 002 விட்டுப்போச்சோன்னு தேட வேண்டாம்.

வாளையார்: பத்திரம் கேட்டதை விட்டுட்டேன். அங்கே கவுண்டிக்கு வேலை ரொம்பக் கம்மி. நிலப் பத்திரம் அந்தந்த ஊர் டவுன் கிளார்க் அலுவலகத்தில்தான் பதிவாகும். அதனால ஊர்ப் பேர் கட்டாயம். ரட்லண்ட்னா நகரமா, டவுனா பாருங்க, ரெண்டும் தனித்தனி.