1.2 மீ. பழைய தடுப்பணையை மாற்றும்போது மீன் ஏற என்ன கட்டுவது?

கேள்வி:
கான்கிரீட் வெடித்து, கீழ்த்தளத்துக்கு அடியில் நீர் கசிகிறது. ஏற வேண்டியவை 5 செ.மீ. நாட்டு மீன்குஞ்சுகளும் விலாங்கும். மேல்பக்கம் நீரேற்றுக் குழாய் இருக்கிறது. தொட்டி தொட்டியான மீன் ஏணியா, கல் சரிவா?

பதில் 1:
குழாயின் வாயை இறக்கி வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அணையையே எடுத்துவிடலாம். திறந்த ஆற்றுக்கு எந்த ஏணியும் ஈடில்லை. ஆனால் தேங்கிய வண்டலைச் சோதிக்காமல் உடைக்காதீர்கள். ஒரே மூச்சில் திறந்தால் அது இறங்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடிவிடும்.

பதில் 2:
குழாய்க்காக மேல்பக்க நீர்மட்டம் குறையக் கூடாதென்றால் கல் சரிவு. ஏணியில் ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் உள்ள இறக்கத்தை (மீட்டரில்) 19.6 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் இடுக்கில் நீரின் உச்ச வேகம். 30 செ.மீ. இறக்கத்துக்கு நொடிக்கு 2.4 மீ. சால்மன் போன்ற பெரிய, வலுவான மீன் தாண்டிவிடும், குஞ்சு தாண்டாது. சால்மன் ஏணியைப் பார்த்துக் கட்டியதால்தான் ஆஸ்திரேலியாவின் பழைய ஏணிகள் பல அங்குள்ள மீன்களுக்கு உதவவில்லை.

1:30 சரிவு (1 மீ. இறங்க 30 மீ. நீளம்) என்றால் நீளம் 36 மீ. 2 மீட்டருக்கு ஒரு வரிசையாகப் பெரிய கல் நட்டால் 18 வரிசை, ஒவ்வொன்றிலும் 6.7 செ.மீ. இறக்கம், வேகம் நொடிக்கு 1.15 மீ. அதுவும் நடுவில் குஞ்சுக்கு அதிகம். அதனால் குறுக்குவெட்டை நடுவில் தாழ்த்தி, கரைப்பக்கம் உயர்த்துங்கள். நீர் ஏறினாலும் இறங்கினாலும் ஓரத்தில் ஆழமில்லாத மெதுவான பட்டை ஒன்று இருக்கும். குஞ்சு அதில்தான் ஏறும். விலாங்குக் குஞ்சுக்கு நனைந்த சொரசொரப்பான கல் போதும்.

பதில் 3:
வெறும் பெருங்கல்லைக் கொட்டிவிட்டால் கோடையில் நீர் முழுவதும் கல்லுக்குள் புகுந்து ஓடும். மேலே காய்ந்த கல்தான். சரளை, மணல், களி கலந்து இடுக்குகளில் நீர் பீய்ச்சி இறக்குங்கள், மேற்பரப்பில் நீர் நிற்கும்வரை. சரிவின் தலைப்பில், அதாவது மேல்முனையில், இரும்புத் தகடு அடித்துக் கசிவை மறிக்க வேண்டும். அடிமுனையை ஆற்றுப்படுகைக்குக் கீழே புதையுங்கள். பின்னால் படுகை அரித்து ஒரு சாண் இறக்கம் விழுந்தாலே குஞ்சு அங்கே நின்றுவிடும்.

கேட்டவர்:
ஆற்றின் பாதி அகலத்துக்கு மட்டும் சரிவு போட்டால்?

பதில் 3:
போடலாம், சரிவின் வாய் (மீன் நுழையும் கீழ்முனை) சரியான இடத்தில் இருந்தால். மீன் நீரோட்டத்தை எதிர்த்து அணையின் அடிவரை போய்த்தான் நிற்கும். சரிவின் வாய் 36 மீ. கீழே இருந்தால் அதைக் கடந்து போய்விடும், திரும்பி வந்து தேடாது. சரிவை நடுவில் மடக்கி, வாயை அணையின் அடிக்கே கொண்டுவாருங்கள். கோடையில் கிடைக்கும் நீர் முதலில் சரிவுக்குள் போகும்படி அதன் தலைப்பு அணையின் முகட்டைவிடத் தாழ்ந்திருக்கட்டும்.