கவிதை வாசிப்பில் சிலிர்த்துப்போன தருணம்: உங்களுக்கு உண்டா?

கடைசி வரிசை:
ஆர்ப்பாட்டமே இல்லாத ஒரு வாசிப்பைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைசியாக வாசிக்க வந்தார். அதற்குள் கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனில் மூழ்கியிருந்தார்கள். வகுப்பில் பெயர் கூப்பிடுவது மாதிரியான கவிதை. ஒரு பெயர், ஓர் இடைவெளி, பிறகு அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்ற காரணம். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள். ஒருவன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, பதிவேட்டைப் பார்த்துப் படிக்கிற குரல்தான்.

நாலைந்து பெயர் போயிருக்கும். ஓர் இடைவெளியில் பின்னாலிருந்து ஒரு பெண், “உள்ளேன் ஐயா” என்றார். கவிஞர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அடுத்த பெயரை வாசிக்கவே இல்லை. அப்புறம் வாசித்தார். இந்த முறை பத்துப் பதினைந்து பேர் சொன்னார்கள். அதற்கடுத்த பெயருக்கு அரங்கமே சொன்னது. எனக்குத் தொண்டை அடைத்துப் பாதிச் சத்தம்தான் வந்தது.

அதே கவிதையைப் பிறகு அச்சில் பார்த்தேன். நல்ல கவிதைதான். ஆனால் அந்த இடைவெளியைக் கண் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறது.

ஒலிபெருக்கி:
சரி, ஆனால் எல்லாச் சிலிர்ப்பையும் நம்பிவிட முடியாது. குரலை உயர்த்திக் கையை வீசினால் சுமாரான வரிக்கும் கைதட்டல் விழும். சிகாகோவில் 1980களில் மார்க் ஸ்மித் தொடங்கிய ‘ஸ்லாம்’ என்ற கவிதை வாசிப்புப் போட்டிகளில், பார்க்க வந்தவர்களிலேயே சிலரை நடுவராக்கிப் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். கூட்டத்தை உள்ளே இழுக்க அருமையான யோசனை. நான் போன போட்டியிலோ பலரும் முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போய்விட்டார்கள், அதற்கு மேல் ஏற இடமில்லை. நிதானமாக வாசித்த ஒருவர் முதல் சுற்றிலேயே வெளியே!

ஈரடி:
இடைவெளிக்குப் பலம் உண்டு. கவிதை கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்சம் பெரும்பாலும் வரியோ பத்தியோ முடிகிற இடத்தில்தான் வருகிறது என்று 2017இல் பிராங்பர்ட் ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

இதை நான் உணர்ந்தது ஒரு முஷாயிராவில், அதாவது உருதுக் கவிஞர்கள் கூடி வாசிக்கிற அரங்கில். இரண்டிரண்டு அடியாகப் போகும் கஸல் கவிதையை வாசிப்பவர் முதல் அடியைச் சொல்லிவிட்டு, திரும்பவும் அதையே சொல்வார். இரண்டாம் அடியை லேசில் தரமாட்டார். எந்தச் சொல்லில் வந்து முடிப்பார் என்று கூட்டம் ஊகித்துக்கொண்டே இருக்கும். அது வந்து விழும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். எனக்கு உருது அரைகுறை. ஆனாலும் ஒரு ஈரடிக்கு நானும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்துப் பெரியவர் திரும்பி, “அர்த்தம் தெரிஞ்சுதா?” என்றார். இல்லை என்றேன். “பரவாயில்லை, ‘முகர்ரர்’னு சத்தமா கேளுங்க, இன்னொரு தடவை சொல்வார்” என்றார். கேட்டேன். சொன்னார்.