இவோ 3 இன்ஜினுக்கு எந்த டர்போ: ஜி25-550ஆ, 660ஆ?

கேள்வி: கிள்ளான் வீரா
அண்ணன்மார்களே, என் கார் பழைய புரோட்டோன் வீரா. ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி விற்கும் பழைய கார்) எடுத்த மிட்சுபிஷி இவோ 3இன் 4ஜி63 இன்ஜின், 1997 சிசி, ஃபோர்ஜ்டு பிஸ்டன். அதிலிருந்த 16ஜி டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) புகைக்க ஆரம்பித்ததும், யாரோ சொன்னதைக் கேட்டு ஊர் பேர் தெரியாத பெரிய டர்போ ஒன்றைப் போட்டேன். 5000 ஆர்பிஎம் தாண்டினால்தான் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்). செப்பாங் கடைசி வளைவில் மிதித்துவிட்டுக் காத்திருந்தபோது ஒரு மைவி, அந்தச் சின்னக் குடும்பக் கார், பக்கத்தில் வந்து நின்றது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி 16ஜியிலேயே ஓட்டுகிறேன். 400 குதிரைத்திறன் போதும், ரோன் 97 பெட்ரோல், தினமும் வேலைக்கும் போக வேண்டும். காரெட் ஜி25-550 டர்போவுக்கும் 660க்கும் விலை அதிகம் தள்ளிப் போகவில்லையே, பெரியதையே வாங்கிவிடலாமா?

பதில்: ஈப்போ பட்டறை
வேண்டாம் தம்பி. கணக்கைப் பார். 7000 ஆர்பிஎம், 1.4 பார் பூஸ்ட், இன்டர்கூலர் தாண்டி 50 டிகிரி என்று வைத்தால், உன் இன்ஜின் இழுப்பது நிமிடத்துக்குச் சுமார் 38 பவுண்டு காற்று. ஒரு பவுண்டுக்குப் பத்துக் குதிரை என்பது எங்கள் குத்துமதிப்பு. பிரஷர் ரேஷியோ (டர்போவை விட்டு வரும் காற்றழுத்தம் உள்ளே போவதைப் போல எத்தனை மடங்கு) 2.55 பக்கம் வரும். இந்தப் புள்ளியை கம்ப்ரஸர் மேப்பில் (டர்போவின் திறனைக் காட்டும் வரைபடம்) வைத்துப் பார்: 48 மிமீ வீல் உள்ள 550க்கே இடம் மிச்சம். 54 மிமீ உள்ள 660இல் கீழ் ஆர்பிஎம்மில் சர்ஜ் கோட்டை (அதைத் தாண்டினால் காற்று பின்னால் திரும்பித் தள்ளும்) ஒட்டிப் போவாய், பூஸ்டும் தாமதம். மறுபடியும் மைவிதான்.

டர்பைன் ஹவுசிங் (புகை சுற்றிப் போகும் கூடு) 0.72 அளவு எடு. 0.92 மேலே நன்றாக மூச்சு விடும், ஆனால் நீ தினமும் ஓட்டுவது ஃபெடரல் ஹைவே நெரிசலில். பழைய மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) பொருந்தாது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள். இன்ஜெக்டர் 800 சிசி பக்கம் வேண்டும்.

பதில்: இவோ 6 பைத்தியம்
மேனிஃபோல்டு எப்படியும் புதிதுதான் என்றால் ட்வின் ஸ்க்ரோல் (புகையை இரண்டு தனிப் பாதைகளில் டர்போவுக்கு விடுவது) செய்துவிடுங்கள். 1-4 சிலிண்டர் ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. மிட்சுபிஷியே இவோ 4 முதல் அப்படித்தான் செய்தது. போர்க்வார்னர் இஎஃப்ஆர் 7163ஐயும் பாருங்கள், டைட்டானியம் அலுமினைடு டர்பைன், எடை குறைவு. பர்ஸும் குறையும்.

பதில்: ஈப்போ பட்டறை
நல்ல யோசனைதான், வெல்டிங் கூலி கொடுக்கத் தயார் என்றால். அது கிடக்கட்டும். தம்பி, 16ஜி ஏன் புகைத்தது என்று பார்த்தாயா? எண்ணெய் கீழே இறங்கும் குழாய் மடங்கியிருந்தால் எந்த டர்போவும் புகைக்கும். பால் பேரிங்குக்கு எண்ணெய் இன்னும் குறைவாகத்தான் வேண்டும், ரெஸ்ட்ரிக்டர் (எண்ணெய் வரவைக் குறைக்கும் சின்னத் துளை) இல்லாமல் மாட்டாதே.

பதில்: கிள்ளான் வீரா
இப்போதுதான் காரைத் தூக்கிப் பார்த்தேன் அண்ணே. டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) உரசாமல் இருக்க யாரோ எண்ணெய்க் குழாயை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் எண்ணெய் தேங்குகிற மாதிரி ஒரு தொய்வு. முதலில் 20 ரிங்கிட் ஹோஸ் வாங்கப் போகிறேன்.