நிதிப் பிரிவும் விற்பனைப் பிரிவும் எதிரெதிராக இழுக்கும்போது திட்ட மேலாளர் என்ன செய்வது?

கேள்வி (பதிவர்: திட்டப்பணி)

பழைய பில்லிங் மென்பொருளை மாற்றிப் புதியதைக் கொண்டுவரும் திட்டத்திற்கு நான் மேலாளராக இருக்கிறேன். ஒருமுறை வெளியிட்ட பில்லில் எவரும் கைவைக்க முடியாதபடி பூட்டிவிட வேண்டும் என்கிறார் நிதிப் பிரிவுத் தலைவர். வாடிக்கையாளரிடம் பேசி முடித்த தள்ளுபடியை, பில் போன பிறகும் திருத்த வழி வேண்டும் என்கிறார் விற்பனைப் பிரிவுத் தலைவர். கூட்டத்தில் இருவரும் வாய் திறப்பதில்லை. முடிந்ததும் தனித்தனியே என்னை அழைத்து, மற்றவரிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்கிறார்கள். திட்டத்திற்கு மேலிடத்தில் பொறுப்பேற்று ஆதரவு தர வேண்டிய ஸ்பான்சரான இயக்குநரோ, “நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிட்டார். ஸ்டேக்ஹோல்டர்களை, அதாவது திட்டத்தில் அக்கறையோ பாதிப்போ உள்ளவர்களை, அதிகாரம், ஆர்வம் என்ற இரண்டு அளவுகளால் பிரிக்கும் கட்டத்தில் இருவருமே ஒரே மூலையில் வருகிறார்கள். இந்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் (பதிவர்: நிதானம்)

அந்தக் கட்டம் யாருக்கு எவ்வளவு கவனம் தர வேண்டும் என்பதைக் காட்டுமே தவிர, சம பலம் உள்ள இருவர் மோதும்போது வழி சொல்லாது. 1997இல் மிட்செல், ஏகிள், வுட் ஆகிய மூன்று மேலாண்மை ஆய்வாளர்கள் முன்வைத்த முறை இங்கே சற்றுக் கூடுதலாக உதவும். அவர்கள் அதிகாரத்தோடு, கோரிக்கையின் நியாயத்தையும் அவசரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால் நிதித் தலைவரின் கோரிக்கையில் நியாயம் வலுவாக இருக்கிறது; வாடிக்கையாளர் காத்திருப்பதால் விற்பனைத் தலைவரிடம் அவசரம் இருக்கிறது. அவசரத்தைத் தீர்க்கும் வழி கிடைத்தால் நியாயத்தோடு மோத வேண்டிய தேவையே இராது.

அதற்கு முன், தூது போவதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் சுமந்து செல்லும் ஒவ்வொரு செய்தியும் போகும் இடத்தில் உங்கள் சொந்தக் கருத்தாகவே கேட்கப்படும், கடைசியில் இரு தரப்பும் உங்களைத்தான் சந்தேகிக்கும். அடுத்த முறை அழைக்கும்போது, அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதி, “இது சரிதானா, இதை அவருக்கும் அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். கோரிக்கைகளில் பாதி அந்த இடத்திலேயே மென்மையாகிவிடும்.

பதில் (பதிவர்: களப்பார்வை)

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இரு தலைவர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். பில் போடும் ஊழியர்கள் உங்கள் பட்டியலில் இருக்கிறார்களா? அதிகாரமும் ஆர்வமும் குறைந்தவர்கள் என்று அவர்களைக் கட்டத்தின் ஓரத்தில் தள்ளிவிடுவது வழக்கம்; மென்பொருள் நடைமுறைக்கு வந்ததும் ரகசியமாக எக்செல் தாளில் தனிக்கணக்கு வைக்கத் தொடங்குபவர்களும் அவர்கள்தான். வெளியிட்ட பில்லைத் திருத்தாமல் கிரெடிட் நோட் (பில் தொகையில் இவ்வளவு குறைக்கப்பட்டது என்று காட்டும் தனி ஆவணம்) போட்டுத் தொகையைச் சரிசெய்வது கணக்கியலில் பழகிப்போன வழி. அது இருந்தும் விற்பனைப் பிரிவு ஏன் திருத்தத்தையே கேட்கிறது என்பதை ஊழியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கேட்டவரின் பதில் (பதிவர்: திட்டப்பணி)

விசாரித்துவிட்டேன். கிரெடிட் நோட் வசதி பழைய மென்பொருளிலேயே இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிதிப் பிரிவின் ஒப்புதல் தேவைப்படுவதாலும் அது மாதக் கடைசி வரை தேங்கிவிடுவதாலும் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆக, சண்டை பில் பூட்டைப் பற்றியதே அல்ல, ஒப்புதலின் தாமதத்தைப் பற்றியது. குறிப்பிட்ட வரம்புக்குள் வரும் தள்ளுபடிக்கு விற்பனைப் பிரிவே ஒப்புதல் தரலாம் என்று மாற்ற நினைக்கிறேன். அந்த வரம்பை யார் நிர்ணயிப்பது என்பதில் மறுபடியும் இயக்குநரிடமே வந்து நிற்கிறேன்.

பதில் (பதிவர்: நிதானம்)

அது இயக்குநரின் வேலைதான், உங்களுடையது அல்ல. திட்ட மேலாண்மைக்கான பிஎம்பாக் (PMBOK) வழிகாட்டியில் ஸ்டேக்ஹோல்டர்களின் ஈடுபாட்டை அறியாதவர், எதிர்ப்பவர், நடுநிலையாளர், ஆதரிப்பவர், முன்னின்று நடத்துபவர் என ஐந்து நிலைகளில் குறிக்கும் அட்டவணை ஒன்று உண்டு. பலரும் அதில் எதிர்ப்பவர்களைத்தான் தேடுகிறார்கள்; உங்கள் திட்டத்தில் முன்னின்று நடத்த வேண்டிய ஸ்பான்சர் நடுநிலையில் உட்கார்ந்திருக்கிறார், அந்த இடைவெளிதான் பெரியது. “என்ன செய்யலாம்?” என்று அவரிடம் கேட்டால் அதே பதில்தான் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு வழிகள், அவற்றில் உங்கள் பரிந்துரை, இரு தலைவர்களும் ஏற்றுக்கொண்டவை, ஏற்காதவை, எந்தத் தேதிக்குள் முடிவு தேவை, தவறினால் எந்த வேலை நிற்கும் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். முடிவு கிடைத்ததும் அதை எழுத்தில் மூவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பதில் (பதிவர்: களப்பார்வை)

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். “குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம்” என்று எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. திரையின் நிறம், அறிக்கையின் வடிவம் போன்றவற்றுக்கு அது சரி. ஒப்புதல் அதிகாரம் கை மாறும் விஷயத்தில் அப்படிச் செய்யாதீர்கள். முதல் தணிக்கைக் கேள்வி வரும்போது, தாம் சம்மதிக்கவே இல்லை என்று சொல்ல எல்லோருக்கும் வழி இருக்கும்.