வன்னியில கட்டின கலியாணம், வெளிநாட்டில டைவோஸ்: எந்தக் கோட், எந்தப் பேப்பர்

கனடா, லண்டன், சுவிஸ், ஜேர்மனி எண்டு புதுசா போய் இறங்கியிருக்கிற எங்கட வன்னி ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். நான் இருக்கிறது கிளிநொச்சியில. லோயர் இல்லை, லோயர்மாரோட சேந்து கோட் பேப்பர் அலுவல்கள் பாக்கிற ஆள். வெளியில இருந்து போன் எடுக்கிற ஆக்கள் அநேகமா ஒரே கதைதான் சொல்லுவினம்: "எங்களுக்குள்ள எல்லாம் எப்பவோ முடிஞ்சுது, இப்ப ஒரு பேப்பர் மட்டும்தான் வேணும்." அந்தப் பேப்பர் இல்லையெண்டா ஒண்டும் முடியேல்ல எண்டுதான் அர்த்தம். இதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ, மிச்சம் எல்லாம் இதுக்குப் பிறகுதான்.

ஊர்ப் பெரியாக்கள் கூடிக் கதைச்சு நகையையும் சீதனக் காசையும் திருப்பிக் குடுத்தது, சமாதான நீதவானுக்கு முன்னால ரெண்டு பேரும் "இனி ஒருத்தருக்கொருத்தர் உரித்து இல்லை" எண்டு கையெழுத்து வைச்சது, பொலிஸில முறைப்பாடு போட்டுப் பிரிச்சு விட்டது, இதில ஒண்டுமே விவாகரத்து இல்லை. மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புக் குடுத்தாத்தான் விவாகரத்து. முஸ்லிம் ஆக்களுக்கு மட்டும் காதி நீதிமன்றம், அது 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி வழி. மன்னார், வவுனியாப் பக்கத்து ஆக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.

இன்னொரு பெரிய குழப்பம், "நாங்கள் எழுத்து எழுதேல்ல, கோயில்ல தாலி மட்டும்தான், அப்ப கலியாணமே இல்லைத்தானே" எண்டு கேக்கிறது. அப்பிடிச் சொல்ல ஏலாது. இலங்கையில எங்கட வழக்கப்படி முறையாச் செய்த கலியாணம் பதிவு இல்லாட்டிலும் செல்லுபடியாகும், பதிவு எண்டது அதுக்கு நல்ல சாட்சி, அவ்வளவுதான். ஆனபடியா குடிவரவு ஃபோமில "திருமணமாகாதவர்" எண்டு கோடு போடுறதுக்கு முதல் ஒரு லோயரிட்டக் கேளுங்கோ. கனடாவுக்குப் போகேக்க மனுசியையோ பிள்ளையையோ சொல்லாமல் விட்டா பிறகு குடும்ப வகுப்பில அவையை ஸ்பொன்சர் பண்ண ஏலாமல் போகலாம், அந்த விதி குடிவரவு ஒழுங்குவிதி 117இல இருக்கு. ஏஜென்ட் சொல்லித் தந்தவர் எண்டு எழுதிவிட்டுட்டு, இஞ்ச ஒரு பிள்ளை அப்பாவைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதைக் காணேக்க உண்மையில மனம் பொறுக்காது.

யுத்தம் இறுகின காலத்தில வயசு காணாமலே அவசர அவசரமாக் கட்டி வைச்ச கலியாணங்களும் வன்னியில கன இருக்கு. பிள்ளையை இயக்கத்துக்கு (புலிகளுக்கு) பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்தில தாய் தேப்பன் செய்தது, அவையைக் குறை சொல்ல ஏலாது. ஆனா 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முஸ்லிம் இல்லாத ஆக்கள் 18 வயசு நிரம்பாமல் செய்த கலியாணம் சட்டப்படி செல்லாது. அப்பிடியான ஆக்களுக்கு டைவோஸ் வழக்கு இல்லாமல், கலியாணமே செல்லுபடியற்றது எண்டு தீர்ப்பு எடுக்கிற வழியா இருக்கலாம். கலியாணம் நடந்த திகதியையும் பிறப்புச் சான்றிதழில இருக்கிற திகதியையும் பக்கத்தில வைச்சுப் பாத்துட்டு லோயரிட்டப் போங்கோ.

இனி எங்கட இடத்துக்கே உரிய விசயம். 2009க்கு முன்னம் வன்னியில இயக்கத்தின்ர நீதிமன்றங்கள் இருந்தது, அதில விவாகரத்துத் தீர்ப்பு எடுத்த ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிச்சு, பிள்ளை ஆரோட, பராமரிப்புக் காசு எவ்வளவு எண்டெல்லாம் தீர்த்து வைச்சு, ரெண்டு பேரும் அதை மதிச்சு நடந்துமிருப்பினம். ஆனா இலங்கைச் சட்டம் அந்தத் தீர்ப்பை ஏற்கிறதில்லை. கலியாணத்தை அரச பதிவாளர் பதிஞ்சிருந்தா அந்தப் பதிவின்படி நீங்கள் இண்டைக்கும் புருஷன் பெண்சாதிதான். அந்த இயக்கக் கோட்டுத் தீர்ப்புக் கடுதாசி முள்ளிவாய்க்காலில துலைஞ்சு போச்சு, கொப்பி எடுக்க ஏலுமோ எண்டு அழுதுகொண்டு கேட்ட அக்காமார் இருக்கினம். அதைத் தேடி அலையாதேங்கோ அக்கா, கிடைச்சாலும் நீங்கள் இருக்கிற நாட்டுக் கோட்டுக்கு அது விவாகரத்துத் தீர்ப்பா எடுபடாது. புதுசா ஒரு வழக்குத்தான் போட வேணும், அது நீங்கள் பயப்பிடுற அளவுக்குப் பெரிய வேலை இல்லை, கீழ சொல்லுறன்.

ஏற்கெனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், இல்லாட்டி யாழ்ப்பாணம், இதில ஒரு மாவட்ட நீதிமன்றத்தில வழக்கு முடிஞ்ச ஆக்கள், உங்கட பேப்பரை எடுத்து ஒருக்கா நல்லா வாசிச்சுப் பாருங்கோ. இலங்கையில முதல்ல வாறது "நைசை" டிக்ரி, அது இடைக்காலத் தீர்ப்பு. அதுக்குப் பிறகு மூண்டு மாசமாவது கழிய வேணும், பிறகுதான் "அப்சலூட்" எண்ட முடிவான டிக்ரி. கனபேருக்கு நைசை வந்த அண்டைக்கே எல்லாம் சரி எண்ட நினைப்பு, லோயரின்ர பக்கமும் அதோட போறதில்லை, பேப்பரும் அப்பிடியே பைலில கிடக்கும். வெளிநாட்டில கேக்கிறது அப்சலூட். அதுவும் போட்டோக் கொப்பி இல்லை, அந்தக் கோட்டின்ர பதிவாளர் "உண்மைப் பிரதி" எண்டு கையெழுத்தும் சீலும் வைச்ச கொப்பி. இஞ்ச விவாகரத்துக்கெண்டு பிறப்புச் சான்றிதழ் மாதிரிப் பிரதேச செயலகத்தில ஒரு சேட்டிபிக்கற் தர மாட்டினம், தீர்ப்புக் குடுத்த கோட்டில எடுக்கிற இந்தக் கொப்பிதான் ஆதாரம்.

அதை எடுக்கிறதுக்கு முக்கியமாத் தேவை வழக்கு இலக்கம். பழைய அழைப்பாணை, லோயரின்ர ரிசீற், பராமரிப்புக் காசு கட்டின துண்டு, எதிலயாவது அந்த இலக்கம் இருக்கும். இல்லாட்டி ரெண்டு பேரின்ர முழுப்பேரும், எந்த வருஷம் எண்டதும் தெரிஞ்சா லோயர் மூலமா கோட்டின்ர பதிவேட்டைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் நாள் இழுக்கும். லோயர் ஒரு மோஷன் போட்டு, கட்டணம் கட்டித்தான் கொப்பி எடுக்கிறது. நேர வர ஏலாட்டி உங்கட சகோதரத்தை லோயரோட தொடர்பில விடுங்கோ. ஆனா ஒண்டு, அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிற ஆக்கள் அற்றோணித் தத்துவம் எழுதவோ பேப்பர் எடுக்கவோ எண்டு இலங்கைத் தூதரகத்துக்குப் போக முதல், அங்கத்தையான் உங்கட வழக்குப் பாக்கிற லோயரிட்டக் கட்டாயம் கேளுங்கோ. பயத்தில வெளிக்கிட்டு வந்தனான் எண்டு சொல்லுற ஆள் தானாத் தூதரகத்துக்குப் போனது பிறகு கேள்வியா வரும்.

கலியாணப் பதிவுச் சான்றிதழ் வேற அலுவல், அது லேசு. கரைச்சி, பூநகரி, துணுக்காய், ஒட்டுசுட்டான் எண்டு எந்தப் பிரிவில எழுதினதோ அந்தப் பிரதேச செயலகத்தில உறவுக்காரர் ஒராள் விண்ணப்பம் குடுத்து எடுக்கலாம். கணினியில ஏத்தின பதிவெண்டா நாட்டில எந்தப் பிரதேச செயலகத்திலயும் எடுக்கலாம். "சண்டைக்க எல்லாம் எரிஞ்சு போச்சு" எண்டு ஆரோ வாய்க்குச் சொன்னவுடன விட்டிடாதேங்கோ. விண்ணப்பம் குடுத்து, தேடிப் பாத்து இல்லையெண்டா அதை எழுத்தில வாங்குங்கோ.

சரி, புது வழக்கை எங்க போடுறது? இஞ்ச போடுறதெண்டா 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லுற காரணம் மூண்டே மூண்டு: கலியாணத்துக்குப் பிறகு வேற ஆளோட தொடர்பு, வேணுமெண்டே கைவிட்டுட்டுப் போனது, கலியாணம் நடக்கேக்கையே இருந்த, தாம்பத்திய உறவுக்குத் தீர்க்க ஏலாத உடல் இயலாமை. ரெண்டு பேருக்கும் சம்மதம் எண்டது அதில இல்லை. அதோட, வழக்குப் போடுற ஆள் அந்தக் கோட்டின்ர எல்லைக்குள்ள வசிக்கிற ஆளா இருக்க வேணும். இப்ப நீங்கள் ரொறன்ரோவில, மனுசி பாரிஸில, ரெண்டு பேரும் இஞ்ச இல்லை, ஆனா ஆரோ ஒராள் "காசைத் தாங்கோ, கிளிநொச்சிக் கோட்டில நான் எடுத்துத் தாறன்" எண்டு சொன்னா தயவுசெய்து விழுந்திடாதேங்கோ. கனடாவின்ர விவாகரத்துச் சட்டம் 22ஆம் பிரிவு, ரெண்டு பேரில ஒராளாவது வழக்குப் போட முதல் ஒரு வருஷம் டைவோஸ் குடுத்த நாட்டில வாழ்ந்திருந்தா வெளிநாட்டு டைவோஸை ஏற்கும் எண்டு சொல்லுது. ரெண்டு பேரும் வெளியில இருந்துகொண்டு இஞ்ச எடுத்த தீர்ப்பு அங்க நிண்டு பிடிக்குமோ எண்டது பெரிய கேள்வி.

ஆனபடியா என்ர அபிப்பிராயம் இதுதான்: ஒராள் வன்னியில இருந்தா, அந்த ஆள் போடச் சம்மதமெண்டா, இஞ்ச போடட்டும். மற்றபடி நீங்கள் வாழுற நாட்டின்ர கோட்டிலயே போடுங்கோ, இஞ்ச கட்டின கலியாணத்தை அங்க பிரிக்கலாம். கனடாவில ஒராளாவது அந்த மாகாணத்தில ஒரு வருஷம் இருந்திருக்க வேணும், ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தது காரணமாக் காணும், தீர்ப்பு வந்து 31ஆம் நாள்தான் அது நடைமுறைக்கு வரும், பிறகு டைவோஸ் சேட்டிபிக்கற்றைக் கேட்டு எடுக்க வேணும். புதுசாப் போன ஆக்கள் அந்த ஒரு வருஷத்தை வீணாக்காமல் பேப்பரைச் சேருங்கோ. இங்கிலாந்து, வேல்ஸில 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு ஒருத்தரில ஒருத்தர் குற்றம் சொல்லத் தேவையில்லை, கலியாணமாகி ஒரு வருஷம் கழிஞ்சிருக்க வேணும், விண்ணப்பம் பதிஞ்சு 20 கிழமைக்குப் பிறகு முதல் கட்டளை கேக்கலாம், அதுக்கும் பிறகு 6 கிழமை கழிச்சு முடிவான கட்டளை. அவுஸ்ரேலியாவில 12 மாசப் பிரிவு. ஜேர்மனியில பிரிவு வருஷம் ஒண்டு, விண்ணப்பிக்கிற ஆளுக்கு லோயர் கட்டாயம். சுவிஸில ரெண்டு பேரும் சேந்து கேட்டாக் காத்திருக்கத் தேவையில்லை, தனிய ஒராள் எண்டா ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருக்க வேணும்.

தனிய ஒராள் போட்டா மற்ற ஆளுக்கு அழைப்பு முறைப்படி போய்ச் சேர வேணும். ஒரு நாட்டுக் கோட் பேப்பரை மற்ற நாட்டில குடுக்கிறதுக்கான ஹேக் சேவை உடன்படிக்கையில இலங்கை இருக்கு, பேப்பர் கொழும்பில நீதி அமைச்சுக்கு வந்து, அங்கயிருந்து இஞ்சத்தைக் கோட் மூலமா விசுவமடுவிலயோ மாங்குளத்திலயோ இருக்கிற வீட்டு வாசலுக்கு வரும். மாசக்கணக்கு எடுக்கும். வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பிப்போட்டுக் குடுத்தாச்சு எண்டு நினைக்காதேங்கோ. அதை விட, வாசலில ஆள் வந்து புரியாத பாசையில ஒரு கட்டுப் பேப்பரை நீட்டேக்க அந்தப் பிள்ளையும் தாய் தேப்பனும் எவ்வளவு கலங்குவினம் எண்டதை யோசியுங்கோ. முதலே போன் எடுத்துச் சொல்லுங்கோ, தமிழிலயும் சேத்து அனுப்புங்கோ. ரெண்டு பேருக்கும் சம்மதமெண்டா கூட்டு விண்ணப்பம் போடலாம், ஒன்ராறியோவில அப்பிடிப் போட்டா இந்தச் சேவை வேலையே இல்லை.

இலங்கை டைவோஸோட ஒன்ராறியோவில மறுமணம் செய்யிற ஆக்கள் நேர கலியாண லைசென்ஸ் எடுக்க ஏலாது. டிக்ரியின்ர உண்மைப் பிரதி, மொழிபெயர்ப்பு, அந்த மாகாண லோயர் எழுதின சட்ட அபிப்பிராயக் கடிதம், எல்லாம் சேத்துத் தண்டர் பேயில இருக்கிற பதிவாளர் நாயகம் ஒபீஸுக்கு அனுப்பி அனுமதி வர வேணும். ஹோல் புக் பண்ண முதல் இதைச் செய்யுங்கோ. ஜேர்மனியிலயும் வெளிநாட்டு டைவோஸை அநேகமா மாநில நீதி நிர்வாகம் அங்கீகரிக்க வேணும், தீர்ப்பு வரேக்க ரெண்டு பேரும் டைவோஸ் குடுத்த நாட்டின்ர பிரஜைகளா இருந்தா மட்டும் அது தேவையில்லை. வடக்குக் கோட்டுத் தீர்ப்பு தமிழிலதான் இருக்கும், ஆனபடியா அந்தந்த நாடு ஏற்கிற மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுங்கோ. டிக்ரியில ஒரு எழுத்து, பாஸ்போட்டில வேற எழுத்து, ஒரு இடத்தில தேப்பன்ர பேர் முன்னால, மற்ற இடத்தில பின்னால எண்டு இருந்தா ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக் கடதாசி முடிச்சு வையுங்கோ.

இஞ்ச விட்டுட்டுப் போன பெண்ணைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின்ர வழக்குச் சட்டத்துக்கு) உட்பட்ட பெண் தன்ர காணியை விக்கிறதெண்டாலும் புருஷன்ர எழுத்துச் சம்மதம் வேணும், 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீங்கள் பேப்பர் முடிக்காமல் அங்க புது வாழ்க்கை தொடங்கினா, இஞ்ச அவ தாய் குடுத்த சீதனக் காணியில ஒரு பரப்பைக்கூட விக்க ஏலாமல் உங்கட கையெழுத்துக்கு நிக்க வேணும். பிள்ளையின்ர பராமரிப்பு டைவோஸோட முடியிறதுமில்லை, 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் கோட்டில அவ கேக்கலாம், அது அவையின்ர உரிமை.

புருஷன் காணாமல் போன அக்காமாருக்கு: காணாமல் போனமைக்கான சான்றிதழ் கலியாணத்தை முறிக்காது, இறப்புச் சான்றிதழ் வேற. எதை எடுக்கிறது எண்டது உங்கட மனமும் சம்பந்தப்பட்ட விசயம், அவசரப்படுத்த ஆருக்கும் உரிமையில்லை. மறுமணம் எண்டு வந்தா மட்டும் முதல்ல லோயரிட்டக் கேளுங்கோ.

கேள்வி கேக்கிற ஆக்கள் பேர், அடையாள அட்டை இலக்கம் ஒண்டும் இஞ்ச போடாதேங்கோ. கலியாணம் எந்த வருஷம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, இப்ப ரெண்டு பேரும் எந்த எந்த நாட்டில, முதல் ஏதும் வழக்குப் போட்டதோ, இவ்வளவும் சொன்னாக் காணும்.