வாஷிங் மெஷின் பாடில லேசா ஷாக் அடிக்குது, நியூட்ரல்ல இருந்து எர்த் எடுக்கலாமா?

வாடகைவீட்டுக்காரன்:
வணக்கம், நாங்க இருக்கிறது பழைய வீடு, பிளக் பாயிண்ட் எல்லாம் மூணு ஓட்டை தான் ஆனா எர்த் ஓட்டைக்கு பின்னாடி ஒயரே இல்ல. ஈரக்கையோட வாஷிங் மெஷின தொட்டா சுள்ளுனு இழுக்குது, டெஸ்டர் வச்சா மங்கலா எரியுது. வந்து பாத்த எலக்ட்ரீஷியன் சுவர உடைக்க வேணாம் சார், நியூட்ரல்ல (கரண்ட் திரும்பி போற ஒயர்) இருந்து எர்த் பின்னுக்கு சின்னதா ஒரு ஒயர் போட்டா சரியாயிடும்ங்கிறார். ஓனரும் அதுக்கு தான் ஓகே சொல்றார். பண்ணலாமா? எம்சிபி (லோடு அதிகமானா தானா கட் ஆகுற சுவிட்ச்) இருக்கு.

பழையஒயர்மேன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த சுள்ளு நிக்கும், அதனால தான் எல்லாரும் சரியாயிடுச்சுனு நம்பிடுறாங்க. மெயின் போர்டுலயோ மீட்டர்கிட்டயோ நியூட்ரல் லூஸ் ஆச்சுன்னு வைங்க, வீட்ல ஒரு லைட் ஆன்ல இருந்தாலே போதும், அது வழியா ஃபேஸ் (கரண்ட் வர்ற லைன்) திரும்பி நியூட்ரலுக்கு வந்து அங்கிருந்து நேரா மெஷின் பாடிக்கு வந்துடும், முழு 230 வோல்ட். பழைய வீட்ல ஃபேஸையும் நியூட்ரலையும் மாத்தி கொடுத்திருக்கிற பிளக்கும் நிறைய உண்டு, அதுல இந்த லூப் போட்டா கேக்கவே வேணாம்.

இப்ப உங்களுக்கு அடிக்கிறது பெரும்பாலும் மெஷினுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்ல இருந்து வர்ற லீக்கேஜ். எர்த் இல்லாட்டி பாடில சுமார் பாதி வோல்ட்டேஜ் நிக்கும், கரண்ட் ரொம்ப கம்மி. ஆனா மோட்டார் ஒயரிங்கோ ஹீட்டரோ உள்ள போயிருந்தாலும் இதே மாதிரி தான் தொடங்கும், அதனால எர்த் போடுற வரை மெஷின போடாதீங்க.

கோவைகார்த்தி:
தண்ணி பைப்ல எர்த் கட்டுனா? எங்க ஏரியால பாதி வீட்ல அப்படி தான்.

பழையஒயர்மேன்:
இப்ப பைப் எல்லாம் பிவிசி, மண்ணுக்கு போகவே போகாது. பழைய இரும்பு பைப்பா இருந்தா இன்னும் மோசம், ஒரு வீட்டு ஃபால்ட்டு எல்லார் வீட்டு குழாய்லயும் வரும்.

சர்க்யூட்பைத்தியம்:
எம்சிபி இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க ப்ரோ, அது ஒயர காப்பாத்த, ஆள காப்பாத்த இல்ல. தோட்டத்துல நல்லா எர்த் பிட் (மண்ணுல எர்த் ராடு இறக்குற குழி) போட்டு அதோட ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் வந்துச்சுன்னு வைங்க, ஃபேஸ் பாடில பட்டா 230ஐ 10ஆல வகுத்தா 23 ஆம்ப்ஸ் தான். 16 ஆம்ப்ஸ் எம்சிபி அதுக்கு ட்ரிப் ஆக ஒரு மணி நேரம் கூட ஆகலாம், அது வரைக்கும் பாடி லைவ். 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே கட் பண்ற சுவிட்ச்) போட்டா எர்த் 100 ஓம் இருந்தா கூட கண்ணிமைக்கிறதுக்குள்ள கட் ஆயிடும். எர்த் இல்லாம ஆர்சிசிபி மட்டும் போட்டாலும் வேலை செய்யும், ஆனா நீங்க தொட்டு, உங்க உடம்பு வழியா லீக் ஆனாத்தான் ட்ரிப் ஆகும். ரெண்டும் வேணும்.

வாடகைவீட்டுக்காரன்:
ரொம்ப நன்றி. அப்ப சுவர உடைக்காம வழி இருக்கா?

பழையஒயர்மேன்:
இருக்கு. வாஷிங் மெஷின், கீசர், ஃப்ரிட்ஜ் மூணுக்கு மட்டும் 2.5 ஸ்கொயர் பச்சை ஒயர கேசிங் பட்டில வெளியாலயே இழுத்து எர்த் பிட்ல கட்ட சொல்லுங்க, மெயின்ல ஆர்சிசிபி. ஓனர்கிட்ட பேசி பாருங்க, உடைப்பு இல்லன்னா ஒத்துக்குவார்.

முடிச்ச உடனே 100 வாட்ஸ் குண்டு பல்ப ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல போட்டு காட்டி, பளிச்னு எரியுது பாருங்கன்னு சொல்லிட்டு போவாங்க. நியூட்ரல்ல லூப் போட்டிருந்தாலும் அதே மாதிரி தான் எரியும், அதனால சாக்கெட்ட கழட்டி அந்த குட்டி ஒயர் உள்ள இல்லன்னு கண்ணால பாத்துக்கோங்க. ஆர்சிசிபி போட்டப்புறமும் பல்ப் எரிஞ்சிட்டே இருந்தா ஏதோ தப்பு, அது ட்ரிப் ஆகி அணையணும்.

சர்க்யூட்பைத்தியம்:
இன்வெர்ட்டர் இருக்கா? இருந்தா அதோட நியூட்ரல் ஆர்சிசிபிக்கு வெளிய எங்கயாவது கலந்திருக்கானு பாக்க சொல்லுங்க, இல்லன்னா சும்மா சும்மா ட்ரிப் ஆகும், கடுப்பாகி யாராவது பைபாஸ் பண்ணிடுவாங்க. மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டன் அமுக்குங்க, ஆனா அந்த பட்டன் எர்த் இல்லாட்டியும் ட்ரிப் ஆகும், அத வச்சு எர்த் நல்லா இருக்குனு முடிவு பண்ணாதீங்க.